தங்களுக்குப் பின்னால் ஒரு நபர்

சுஷ்மிதா சுடப்பட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் பன்னீர்செல்வத்தின் எச்சரிக்கை அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. சுட்டது விளையாட்டில்தான், ஆள் என்னவோ பொத்தேரி விடுதியில் மிக்சர் கொறித்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தாள். ஆனாலும் செத்தது செத்ததுதானே. செத்த பிறகு அவள் செல்போன் திரையில் இப்படி ஒரு கடிதம் வந்து விழுந்தது:

"அன்புள்ள சுஷ்மிதா அவர்களுக்கு, வணக்கம். தங்களுக்குப் பின்னால், இடதுபுறம், மஞ்சள் வீட்டின் மாடியில் ஒரு நபர் தங்களைக் குறிபார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவண், பன்னீர்செல்வம்."

இத்தனையையும் அவர் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அடித்தார். 'இவண்' போடாமலே அனுப்பியிருக்கலாம். முப்பது வருடத்தில் அவர் 'இவண்' போடாமல் எதையும் அனுப்பியதில்லை.

"நன்றி அங்கிள். நான் செத்தாச்சு" என்று பதில் வந்தது.

பன்னீர்செல்வத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர். அவர் இந்த விளையாட்டுக்குள் வந்தது ஒரு விபத்து. கோவளம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஷபீர் செல்போன் கடை வைத்திருக்கிறான். கண்ணாடி உடைந்த போனை மாற்றப் போன இடத்தில், "அங்கிள், இத்த கொஞ்சம் புடிச்சிகினு இருங்க, கஸ்டமர் வந்துகினு கீறாரு" என்று ஷபீர் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த தன் போனை அவர் கையில் திணித்தான். வாங்கிப் பிடித்தவரின் விரல் எங்கே பட்டதோ, எதிரிகள் மூன்று பேர் சுருண்டு விழுந்தார்கள். ஷபீர் வாயைப் பிளந்தான். அன்றே நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டான்.

மற்ற இருவர் சுஷ்மிதாவும், படாளத்தில் உரக்கடையில் வேலை பார்க்கும் ஜெபகுமாரும். மாலை ஏழிலிருந்து எட்டு வரை ஆட்டம். வாய்விட்டுப் பேச வழியில்லை. ஷபீருக்குக் கடையில் ஆள் நிற்கும், ஜெபகுமாருக்கு முதலாளி பக்கத்திலேயே இருப்பார், சுஷ்மிதாவுக்கு வார்டன். அதனால் எல்லாம் சாட்டில்தான், அதுவும் இரண்டு மூன்று எழுத்தில்தான். தொடங்கும்போது 'ஜிஎல்' என்றால் வெற்றி உனக்கே என்று வாழ்த்து. 'பிஆர்பி' என்றால் எழுந்து போகிறேன், இதோ வந்துவிடுவேன். முடிந்ததும் 'ஜிஜி', அதாவது நல்ல ஆட்டம். தோற்றவன்கூட ஜிஜி போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போடாமல் போவது, கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தாம்பூலம் வாங்காமல் கிளம்புவதற்குச் சமம். 'கே' என்றால் சரி. இந்தக் கே மட்டும் பன்னீர்செல்வத்துக்கு ஆகவே ஆகாது. மனிதனுக்கு மனிதன் ஒரே ஓர் எழுத்தா போடுவது?

இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே ஏன் இருந்தார் என்று கேட்கலாம். அலுவலகத்தில் அவர் 'சார்'. குடியிருப்பில் 'பி பிளாக் சார்'. வீட்டில் 'ஏங்க'. சாட்டில் மட்டும் அவருக்கு 'பிஎஸ்' என்று பெயர். "பிஎஸ் எங்க?" என்று யாராவது போட்டால் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அவரைத் தேட இந்த உலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள், அதுவும் கோப்பில் கையெழுத்து வாங்க அல்ல. அது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

சுஷ்மிதா நாலாவது முறை செத்த அன்று ஷபீர் உத்தரவு போட்டான்: இனி யாரும் நாலு எழுத்துக்கு மேல் அடிக்கக் கூடாது.

உத்தரவு என்றால் பன்னீர்செல்வத்துக்குக் கரும்பு. மூன்று நாள் உட்கார்ந்து ஓர் அட்டவணை தயாரித்தார். விளையாட்டில் நேரக்கூடிய நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகளுக்கும் வரிசை எண் கொடுத்தார். பின்னால் எதிரி என்றால் முப்பத்தேழு. அதுவே இடதுபுறம் என்றால் 37(ஆ). லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். அவர் மனைவி சியாமளா, "இதுல ரேஷன் கடை லீவு போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை சரியான நேரத்தில், ஒரே விநாடியில், "37(ஆ)" என்று அனுப்பினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அட்டவணையின் நகலை மற்றவர்களுக்கு அவர் அனுப்பவில்லை. அது இன்னும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வரைவு. ஒப்புதல் தர வேண்டியவரும் அவரேதான். சுஷ்மிதா "37னா?" என்று கேட்டபடியே செத்தாள்.

ஷபீர் போனில் கூப்பிட்டான். "அங்கிள், பேஜாரு பண்ணாதீங்க. ஞாயித்துக்கெழம செங்கல்பட்டுல மேட்ச் கீது. அதுல சொதப்புனீங்கன்னா என் தங்கச்சி மலீஹாவ உள்ள எடுத்துப்பேன். அவ ரெண்டு கட்டவிரல்ல நியூஸ் பேப்பரே அடிப்பா. கோச்சிக்காதீங்க."

"கோபம் எல்லாம் இல்லப்பா" என்றார் பன்னீர்செல்வம். கோபம் இல்லைதான். பயம்.

ஞாயிறு காலை சியாமளா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போய் இறங்கினார். போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். மணவறை மேடையில் மைக்குடன் நின்றவர் ஏசுபாதம், போட்டியை நடத்துபவர். கீழ்த்தளத்தில் பந்தி, எல்லோருக்கும் சாம்பார் சாதம், ரசம். நாலு பேருக்கு எதிராக நாலு பேர். பத்து நிமிட ஆட்டம். யாரும் வாய் திறக்கக் கூடாது, சாட் மட்டும்தான். பத்து நிமிடம் முடியும்போது இரண்டு பக்கமும் ஆள் மிஞ்சினால், யாருக்கு உயிர்ப் புள்ளி அதிகமோ அந்த அணிக்கு வெற்றி. எதிரணிக்கும் தெரிகிற பொதுச் சாட் ஒன்றும் உண்டு. ஜிஎல், ஜிஜி போடுவதற்காக வைத்தது.

பன்னீர்செல்வம் அதில் ஜிஎல் போடத்தான் நினைத்தார். விரல் கேட்கவில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இரண்டெழுத்தை வீசிவிட்டுச் சுட ஆரம்பிப்பதா? "அனைவருக்கும் வணக்கம். சாப்பிட்டீர்களா?" என்று அடித்துவிட்டார்.

பக்கத்தில் ஷபீர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆனால் நடந்தது வேறு. சாப்பிட்டாயா என்று ஒரு பெரியவர் கேட்டால், பதில் சொல்லாமல் துப்பாக்கியைத் தூக்க நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபத்தில் கை வராது. எதிரணியில் நாலு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். "சாப்டேன் அங்கிள். நீங்க?" என்று ஒருவன். "இட்லி அங்கிள், நீங்க?" என்று இன்னொருவன். அடிக்கிற விரல் சுட முடியாது. சுஷ்மிதா நாலு பேரையும் வரிசையாகச் சுட்டுத் தள்ளினாள். பன்னீர்செல்வம் நிதானமாக, "ஆயிற்று" என்று நாலு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு முடித்தார்.

அடுத்த ஆட்டமும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படியே. தோற்ற அணிகள் ஒன்றுசேர்ந்து ஏசுபாதத்திடம் புகார் செய்தன. அவர் விதிப் புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். "கெட்ட வார்த்த பேசக் கூடாதுன்னு போட்டுகீது. நல்ல வார்த்த பேசக் கூடாதுன்னு எங்கயும் போடலியே" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஷபீர் பன்னீர்செல்வத்தின் முதுகில் தட்டினான். "பிஎஸ், கலக்கிட்டீங்க நைனா!" வாயால் பிஎஸ் என்று அவன் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. எலுமிச்சை சாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

இறுதி ஆட்டத்தில் எதிரணித் தலைவன் பெயர் மோகன். விளையாட்டுப் பெயர் எமன். சாட் பக்கம் கண்ணையே திருப்பக் கூடாது என்று தன் ஆட்களிடம் சத்தியம் வாங்கியிருந்தான். "சாப்பிட்டீர்களா?" கேட்பாரற்றுக் கிடந்தது. ஆறு நிமிடத்தில் சுஷ்மிதா, ஷபீர், ஜெபகுமார் மூவரும் காலி. அந்தப் பக்கமும் மூவர் காலி. மிஞ்சியது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பன்னீர்செல்வமும், எதிர்ச் சுவருக்குப் பின்னால் எமனும். எமனுக்கு எண்பது உயிர்ப் புள்ளி. இவருக்கு ஒன்பது. நாலு நிமிடத்துக்குள் சுட்டால் கோப்பை, சுடாவிட்டால் தோல்வி.

அப்போது பொதுச் சாட்டில் எமனிடமிருந்து ஒரு சொல் வந்தது. "இல்ல."

பன்னீர்செல்வம் திகைத்துப் போனார். காலையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். ஒருவர்கூட இல்லை என்றதில்லை. அந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரு பதில் இருப்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

"ஏன்?" என்று அடித்தார்.

"டென்சன் அங்கிள். நேத்துலேந்து சோறே எறங்கல."

"முதலில் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். கீழே சாம்பார் சாதம் தீர்ந்துவிடப் போகிறது. நான் இங்கேயே இருக்கிறேன்."

"சுட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"பிஆர்பி" என்று போட்டுவிட்டு மோகன் நாற்காலியைத் தள்ளி எழுந்து, நிஜமாகவே படியிறங்கிப் போய்விட்டான். அவன் ஆட்கள் வாயைத் திறக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டினார்கள். எழுந்து போகக் கூடாது என்றும் புத்தகத்தில் இல்லை.

எழுந்த அவசரத்தில் அவன் விரல் பட்டுவிட்டதில், திரையில் எமன் சுவரை விட்டு வெளியே வந்து, திறந்த வெளியில், அசையாமல் நின்றான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் விழுவான்.

அணிச் சாட்டில் "சுடு" என்று ஷபீர் போட்டான். "சுடு" என்று ஜெபகுமார். "சுடு சுடு சுடு" என்று சுஷ்மிதா.

சுட வேண்டும் என்றுதான் பன்னீர்செல்வத்துக்கும் இருந்தது. அவர் ஒன்றும் மகான் இல்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் போட்டோ எடுத்துக்கொள்வதை மத்தியானத்திலிருந்தே மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. ஆனால் கீழே அந்தப் பிள்ளை இப்போது முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருப்பான். போய்ச் சாப்பிடு என்று அனுப்பியவரே சுடுவதா? இலையில் உட்கார்ந்தவனை எழுப்பவே கூடாது என்பார்கள். சாகடிக்கலாமா?

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து விளக்கக் கடிதம் எழுத ஆரம்பித்தார். "அன்புள்ள குழுவினருக்கு, மேற்கண்ட தங்கள் அறிவுறுத்தல்கள் கிடைக்கப்பெற்றன. இலையில் உட்கார்ந்தவரை" என்பது வரை வந்திருந்தார். மணி அடித்தது. எண்பது, ஒன்பது. எமன் அணி வெற்றி.

பக்கத்தில் மூன்று நாற்காலிகள் நகர்ந்தன. மூன்று பேரும் ஒரு ஜிஜிகூடப் போடாமல் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் போன் அதிர்ந்தது. 'ஷபீர் உங்களைக் குழுவிலிருந்து நீக்கினார்.'

பன்னீர்செல்வம் அந்த வரியை இரண்டு முறை படித்தார். அழுகை வந்தது. ஐம்பத்து நாலு வயதில் செல்போன் விளையாட்டுக்காக அழுவதா என்று கூடவே வெட்கமும் வந்தது. கண்ணாடியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோகன் ஈரக் கையோடு ஓடி வந்தான். "சாரி அங்கிள், ரெண்டாவது தபா ரசம் ஊத்திட்டாங்க, லேட்டாயிடுச்சி. இன்னா ஆச்சி?"

"ஜெயிச்சிட்டீங்க தம்பி" என்றார். திரையில் பொதுச் சாட் இன்னும் திறந்திருந்தது. அதில், வாழ்க்கையில் முதல் முறையாக, அவர்கள் பாஷையிலேயே "ஜிஜி" என்று போட்டார். தோற்றவன் போட வேண்டியது அது.

பையை எடுத்துக்கொண்டு கீழே பந்திக் கூடத்துக்கு இறங்கினார். எதிரே யாரையும் பார்க்கத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்தபடி ஓர் ஓர மேசையில் உட்கார்ந்தார். டிபன் டப்பாவை வெளியே எடுத்து வைத்தவர் மூடியைத் திறக்கவில்லை. மணி மூன்றரை.

போன் மறுபடி அதிர்ந்தது. பிறகு நின்றது. பிறகு 'சுஷ்மிதா எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று நெடுநேரம் காட்டியது. நாலு எழுத்துக்கு மேல் எழுதாத பெண் அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தது:

"மதிப்பிற்குரிய பன்னீர்செல்வம் அவர்களுக்கு, வணக்கம். பொருள்: சாப்பிடுதல் தொடர்பாக. தாங்கள் இன்று கேட்டவர்களுக்கெல்லாம் 'ஆயிற்று' என்று பொய் சொல்லியிருப்பது தங்கள் டப்பா இன்னும் திறக்கப்படாமல் இருப்பதிலிருந்து தெரிய வருகிறது. தங்களை நீக்கிய ஆணை மறுபரிசீலனையில் உள்ளது. ஷபீர் இன்னும் கடுப்பில்தான் இருக்கிறார். நிற்க. தங்களுக்குப் பின்னால், இடதுபுறம், மூன்றாவது மேசையில், மூன்று நபர்கள் தங்களுக்கும் சேர்த்து இலை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவண், சுஷ்மிதா."

பன்னீர்செல்வம் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் பதில் போட வேண்டும் அல்லவா? ஆள்காட்டி விரலால் "கே" என்று ஓர் எழுத்தை அடித்து அனுப்பிவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.