விளக்கெண்ணெய் இல்லாத இன்ஜின்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அத்தானின் இன்ஜினைத் திரும்ப வைக்கும் முன் அதற்கு எண்ணெய் விட்டேன் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். புட்டியைச் சாய்த்த என் கைகூடக் கண்ணில் நின்றது.

அக்காவின் கணவர் சின்ன விமானங்கள் செய்து மைதானத்தில் பறக்கவிடுபவர். உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின். அதற்கான எரிபொருளை விளக்கெண்ணெய் சேர்த்து அவரே கலப்பார். கடையில் விற்பதில் விளக்கெண்ணெய் கிடையாது, ஓட்டி முடித்து எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்பார். மைதானத்தில் அவருக்குப் பெயரே விளக்கெண்ணெய்தான்.

தோள் அறுவை சிகிச்சைக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் இன்ஜினை எடுத்துப்போய், கடை எரிபொருளை ஊற்றி ஒரு மாலை முழுக்க ஓட்டினேன். மறுநாள் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு அக்கா அலமாரியை ஒழித்தபோது, அந்தப் பெட்டியைக் குளியலறைக்கு மேலே இருந்த பரணில் ஏற்றினாள். ஒரு வருடம் கழித்து அத்தான் எடுத்துப் பார்த்தபோது இன்ஜின் இறுகியிருந்தது. முன்விசிறி இம்மிகூட அசையவில்லை. குளியலறை ஈரம்தான் காரணம் என்றார். மனசு விட்டுப்போய், துணியில் சுற்றி அப்படியே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ‘வாட்டர் டிபார்ட்மென்ட்’ என்று பெயர். நாற்காலியில் ஈரத்துண்டு கிடந்தால், “வாட்டர் டிபார்ட்மென்ட் கைவரிசையைப் பாருங்க” என்பார் அத்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பரண் கதையைச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களோடு நானும்.

ஒன்பது வருடம் போயிற்று. அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னைக் கூப்பிட்டார். நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவன்.

“வெளிய ஈரம் பட்டிருந்தாலும் உள்ள விளக்கெண்ணெய் பிசினாத்தான் இறுகியிருக்கும் மச்சான். சூடு காட்டினா பத்து நிமிஷத்துல விட்டுடும். பலத்தக் காட்டி முறுக்கிடாத.”

இஸ்திரி மேஜையில் வைத்து, அக்காவின் ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்பது வருஷமா நான் வாங்கின பேச்சுக்கு இந்தச் சூடு பத்தாது” என்றாள்.

பத்து நிமிடம் ஆனது. அரை மணியும் ஆனது. அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தோம். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். டிரையரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுபடி சூடு காட்டி, விசிறியைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். கால் சுற்று விட்டது. பிறகு முழுச் சுற்று. முன்பக்கத்திலிருந்து செங்கல் நிறத்தில் ஏதோ கசிந்து வெள்ளைத் துணியில் பரவியது.

அத்தான் அதை விரலில் தொட்டு முகர்ந்தார்.

“விளக்கெண்ணெய் தேன் மாதிரில்ல வரணும்? இது வெறும் துரு.”

“அதான் பரண்ல வச்சேனே. ஈரம் ஏறியிருக்கும். என் தப்புதாங்க” என்றாள் அக்கா. சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

“இல்ல. என் கலவைல ஓடியிருந்தா உள்ள ஈரம் புகுந்திருக்காது. கடைசியா இத ஓட்டினது நான் இல்ல.”

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் அத்தான்” என்றேன். “நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப.”

“எண்ணெய் விட்டியா?”

“விட்டதாத்தான் நினைச்சிட்டிருந்தேன்.”

அத்தான் எழுந்து கை கழுவப் போனார். குழாய் நெடுநேரம் ஓடியது.

அக்கா டிரையரை மேஜையில் வைத்தாள். “எடுத்தது கெடக்கட்டும்டா. இவர் அந்தக் கதையச் சொல்றப்பல்லாம் நீயும் சேர்ந்து சிரிச்சியே. அப்ப உனக்குத் தெரியும்தானே?”

துருப் படிந்த துணியை மடித்தேன். எண்ணெய் விட்டது சந்தேகமாக இருக்கலாம். இன்ஜினை எடுத்ததில் என்ன சந்தேகம்? அதை ஒருநாள்கூட நான் மறந்ததில்லை.

இன்ஜினுக்குப் புது பேரிங் போட்டுக் கொடுத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பறக்கவிடுகிறார், என்னைக் கூப்பிடுவதில்லை. அக்காவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கடையில் வேலை சரியாக இருக்கிறது. அக்கா போன் செய்கிறாள், சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறாள். முன்பெல்லாம் உரிமையோடு திட்டுவாள், அதை மட்டும் நிறுத்திவிட்டாள்.