மரியநேசனின் பெருவிரல்

1

இந்தக் கதை நடந்த அறையில் நானும் இருந்தேன். முல்லைத்தீவில் சொத்துப் பத்திரங்கள் எழுதும் பரமலிங்கம் என்ற நொத்தாரிசிடம் எழுதுவினைஞனாக வேலை எனக்கு. முதல் வரியை ஏழு தடவை எழுதிவிட்டேன்.

‘கடற்கரைத் தென்னைகள் அசைந்தாடிய ஒரு காலையில் மரியநேசன்’

விட்டுவிட்டேன். அன்று தென்னையை யார் பார்த்தது?

மரியநேசன் களப்பில் இறால் பிடித்தவர். நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். உடம்பு துடைத்து, கஞ்சி பருக்கியது மகள் டிலுசா. மகன் றொமேஸ் பிரான்சில். டிலுசாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு யுத்தத்தில் தரைமட்டமாயிற்று. ஆனாலும் தேசவழமை என்ற எங்கள் பக்கத்துச் சட்டப்படி சீதனம் வாங்கிய மகளுக்குப் பிறகு பங்கில்லை; மிச்சமெல்லாம் மகனுக்கே. அதனால், தான் குடியிருந்த வீட்டையும் முக்கால் ஏக்கர் காணியையும் தன் காலத்துக்குப் பிறகு அவளுக்கே சேரும்படி மரணசாசனமாக எழுதவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார்.

2

பத்திரத்தோடு நாங்கள் போனபோது அவர் இறந்து கால்மணி நேரம். பக்கத்து வீட்டு அற்புதம் மாமி செபம் சொல்லியபடி தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

நொத்தாரிசு ஐயா குனிந்து தொட்டுப் பார்த்தார். “விரல் இன்னும் சூடாத்தான் கிடக்கு.”

டிலுசா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐயா அந்தக் கையைப் பிடித்து மைப்பெட்டியில்

[இல்லை. இந்தக் கதையின் மூன்று பிரதிகளில் இப்படியே எழுதி வைத்திருந்தேன். கையைப் பிடித்துப் பெருவிரலைப் பத்திரத்தில் அழுத்தியது நான். விரல் மறுக்காமல் வளைந்து கொடுத்தது.]

சாட்சிகளாக நானும் மாமியும் கையெழுத்து வைத்தோம். “அவர் ஆசைப்பட்டதுதானே” என்றார் மாமி.

3

மரணசாசனம் செல்லாது என்று றொமேஸ் வழக்குப் போட்டான். சாட்சிக் கூண்டில் ஏறிய மாமி வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தார்.

(இந்த இடத்தில் அவரைப் பொய் சொல்ல வைத்து ஒரு பிரதி எழுதினேன். வசனம் நன்றாக வந்தது. ஆள்தான் மாமியாக இல்லை.)

“விரல் வைக்கேக்க அவர் செத்திட்டார்” என்றார் மாமி.

“கையைப் பிடிச்சது ஆர்?” றொமேசின் சட்டத்தரணி கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். “தெரியாது ஐயா. நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு நிண்டனான்.”

4

வெளியே வாகை மரத்தடியில் மாமியிடம் கேட்டேன். “ஏன் மாமி தெரியாதெண்டு சொன்னனீங்கள்?”

“உமக்குச் சின்னப் பிள்ளையள், தம்பி. மறியலுக்குப் போனால் அதுகளை ஆர் பாக்கிறது? ஆண்டவருக்கு முன்னால என்னால ஒரு பொய்தான் தாங்கேலும்.”

டிலுசா பின்னால் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

“அந்த ஒண்டை எனக்குத் தந்திருக்கலாமே மாமி” என்றாள்.

டிலுசா பஸ்சுக்குக் காத்திராமல் வெயிலில் நடந்து போனாள்.

5

வழக்கின் அடுத்த தவணையில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். மரியநேசன் உயிரோடிருந்தார் என்று சொன்னால் டிலுசா வீட்டில் இருக்கலாம். மாமி பொய்ச்சாட்சி ஆவார். உண்மையைச் சொன்னால் நான் சிறைக்குப் போவேன், டிலுசா தெருவுக்கு, மாமி எனக்காகச் சொன்ன பொய்யும் வெளியே வரும். ‘ஞாபகமில்லை’ என்ற முடிவையும் எழுதிப் பார்த்தேன். அதில் எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

நீதிபதியின் கதிரையில் இருந்து இதை வாசிக்க வேண்டாம். கூண்டில் ஏறி நில்லுங்கள். டிலுசா முன்வரிசை வாங்கில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு இடம் தள்ளி மாமி.

சொல்லுங்கள்.