முன்னால வா

ஜகன்னாத்துக்கு எண்பது வயதாகிவிட்டதாம். அதற்கு ஒரு விழாவாம். தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அவனை ஆள் உயர பேனரில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, மை பூசிய மீசை, நீட்டிய ஆள்காட்டி விரல். கீழே கொட்டை எழுத்தில் "முன்னால வா!" அந்த விரலைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஏன் போனாய் என்பீர்கள். அவன் பெண் மாதுரி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு தேடி வந்து, "மாமி, அப்பாவோட நாடகத்துல நடிச்சவாள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கேள். யதிராஜன் மாமா பேரை மேடையில சொல்றேன்னு அப்பா சொல்லியிருக்கார்" என்றாள். அதற்காகத்தான் போனேன். என் கணவர் யதிராஜன் போய் மூன்று வருஷமாகிறது. யாரைப் பற்றியும் குறை சொல்லாத மனுஷர். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது டிவியில் ஜகன்னாத் நடித்த படம் ஓடிக்கொண்டிருந்தது. "அவன் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம், வைஜயந்தி" என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

என்ன சொல்லியிருக்கலாம்? கேளுங்கள்.

அந்தக் காலத்தில் கைலாசபுரத்து ஃபாக்டரி ஆட்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்தினார்கள். ஜகன்னாத் ஹீரோ. உயரமாக இருந்தான், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. நான் அவனுக்கு அம்மா. அவனைவிட நாலு வயசு சின்னவள், தலையில் பவுடரைக் கொட்டிக் கிழவியாக்கிவிட்டார்கள். யதிராஜன் பிராம்ப்டர். சைடு படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. மற்றவர்களுக்கு மறந்தால் கொடுப்பார். இந்த மகானுக்கு முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் கொடுக்கணும். வலது காதைப் படுதா பக்கம் சாய்ப்பான். காதில் விழுந்தது வாய் வழியாகக் கர்ஜனையாக வெளியே வரும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

லால்குடியில் ஒரு நாடகம். மிராசுதாரிடம் ஹீரோ நியாயம் கேட்கிற கட்டம். இந்த ஜடம் வெளிச்சத்தை விட்டுத் தள்ளி இருட்டில் போய் நின்றுகொண்டது. யதிராஜன் பதறிப்போய்ப் படுதாவுக்குப் பின்னாலிருந்து, "முன்னால வா!" என்றார். வெளிச்சத்துக்கு வாடா என்று அர்த்தம். இவனோ மிராசுதாரைப் பார்த்து விரலை நீட்டி, "முன்னால வா!" என்று ஒரு கர்ஜனை போட்டான். மிராசுதார் வேஷக்காரர் வெலவெலத்துப் போய் நிஜமாகவே முன்னால் வந்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது.

இதுதான் இவன் கலை. இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனான். ஆட்டோ முதுகில் எழுதினார்கள், கட்சி போஸ்டரில் போட்டார்கள். பேட்டிக்குப் பேட்டி, "அந்த நேரத்துல எனக்குள்ளேருந்து அதுவா பொங்கி வந்துச்சுங்க" என்றான். பொங்கிற்றாம்! பால் பொங்கினாலாவது காபி போடலாம்.

விழா மேடையில் வலது ஓரம், படுதாவை ஒட்டி, அவனுக்குப் பின்னால் எனக்கு நாற்காலி. மாலையும் பொன்னாடையும் போட்டு ஓய்ந்ததும் விழாவை நடத்திய கலையரசன் மைக்கைப் பிடித்தார். "அந்த வசனத்தை அண்ணனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கலைங்க! அந்த நொடியில அவரே படைச்சது!" இதற்குக் கைதட்டல் வேறு. ஜகன்னாத் பெருமாள் மாதிரி புன்னகை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து மறுப்பான், இப்போது சொல்லிவிடுவான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தான். மைக் முன்னால் நின்றான். வாய் திறக்கவில்லை. முதல் வரிசையில் மாதுரியின் முகம் வெளுத்துப் போயிற்று. அவனுக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெதுவாக வலது காதைச் சாய்த்தான்.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா? வாடா மகனே என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன், தணிந்த குரலில்.

"எல்லாருக்கும் வணக்கம்!" மண்டபம் அதிர்ந்தது. தொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

"அந்த வசனம் என்னோடது இல்லை."

"அந்த வசனம் என்னோடது இல்லை!"

"யதிராஜன் கொடுத்தது."

"யதிராஜன் கொடுத்தது!"

சொல்லிவிட்டான். என் மனசு ஆறியிருக்க வேண்டும். அதற்குள் கலையரசன் பக்கத்து ஆளிடம், "யாருய்யா யதிராஜன்?" என்று கேட்பதும், "யாராச்சும் புரொடியூசரா இருக்கும்ணே" என்று அந்த ஆள் சொல்வதும் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

"நான் ஒரு மண்ணாந்தை."

"நான் ஒரு மண்ணாந்தை!"

விசில் பறந்தது. கலையரசன் ஓடிவந்து இன்னொரு மைக்கில், "என்ன தன்னடக்கம் பாருங்க! என்ன பெருந்தன்மை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடச்சீ! இவனைச் செருப்பால் அடித்தாலும் அதற்கும் பொன்னாடை போர்த்துவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டேன். இனிமேல் ஒரு வார்த்தை கொடுக்கப்போவதில்லை. நின்று தவிக்கட்டும்.

காதைச் சாய்த்தபடியே காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. பிறகு மைக்கை விட்டுவிட்டுப் படுதா பக்கம் முழுசாகத் திரும்பினான். கர்ஜனை இல்லை. சின்னக் குரல்.

"யதி... முன்னால வாடா."

நான் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை, அது அந்த வசனம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. படுதாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாவிப்பயல், இன்னும் அவரைத்தான் தேடுகிறான்.

எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன். "அவர் இல்லை, ஜகன்னாத். போயிட்டார்" என்றேன்.

வலது காதில்தானா சொல்லித் தொலைக்கணும்? சட்டென்று மைக் பக்கம் திரும்பினான். விரலை நீட்டினான்.

"அவர் இல்லை! போயிட்டார்!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.