கர்னலின் ட்ரோனும் பங்காளி வீடும்

காரைக்குடி செக்காலையில் முருகப்பன் தன் பரம்பரை வீட்டை ஹோட்டலாக்கியிருந்தார். சுற்றுலாக் கம்பெனிக்காரர் ஒருவர் சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் வருடம் முழுக்க அறைகள் நிறையும். பிடிக்காவிட்டால் அத்தனையும் நெற்குப்பையில் இருக்கும் போட்டி ஹோட்டலுக்குப் போய்விடும். நடுவில் குரங்குகள். இலையில் இட்லி விழுந்தால் விருந்தாளிக்கு முன் அவை உட்கார்ந்துவிடும்.

குரங்குகளை விரட்டித் தர, ஓய்வுபெற்ற கர்னல் சத்தியமூர்த்தி மதுரையிலிருந்து ட்ரோனோடு வந்து இறங்கினார். இருட்டிலும் பார்க்கும் கேமரா, காதைக் கிழிக்கும் சைரன், அவற்றுக்குப் பொருத்தமான மீசை.

“ரெண்டே நாள். களம் சுத்தமாயிரும்” என்றார்.

ட்ரோன் பறந்தது. குரங்குகள் பக்கத்து வீட்டு மாடிக்குத் தாவின. பேட்டரி தீர்ந்து ட்ரோன் இறங்கியதும் திரும்பி வந்தன. மறுநாள் சைரன் அலறும் முன்பே தாவிப் போய், அது இறங்கும்வரை ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன.

“அந்த வீட்டைத் திறங்க. உள்ள புகுந்து விரட்டிருவோம்.”

“அது பங்காளிக வீடு சார். கதவுல ஆளுக்கொரு பூட்டு. எல்லாரும் வந்தாத்தான் திறக்கும். ஒருத்தர் பினாங்குல இருக்காக. உள்ளூர்ல இருக்க ரெண்டு பேருக்குள்ள பேச்சே கிடையாது.”

“ஓ, அடுத்த நாட்டு எல்லை” என்றார் கர்னல். அவருக்குக் கோபம் போய் ஆர்வம் பிறந்துவிட்டது. இத்தனை கருவி வைத்திருக்கிற பட்டாளங்கள் கொரில்லாப் போராளிகளிடம் ஏன் திணறுகின்றன என்று அவர் ராணுவத்தில் வகுப்பே எடுத்தவர். பலகையில் அம்புக்குறி போட்டதும் எல்லாம் விளங்கிவிடும். இங்கே ஒன்றும் விளங்கவில்லை.

“பூட்டின வீட்ல எதைத் தின்னுதுக?”

ட்ரோனைத் தாழ இறக்கிப் பார்த்தார். இந்த ஹோட்டலின் பின்கட்டு மதில்மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். வைத்துக்கொண்டிருந்தவர் முருகப்பனின் மனைவி லட்சுமி ஆச்சி.

“ஆச்சி, எதிரிக்கு நீங்களே சப்ளை பண்றீங்களா?”

“ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டது. ஹோட்டல் நல்லா ஓடணும்னு.”

“நிப்பாட்டணும்.”

“நிப்பாட்டிரலாம். சாமிகிட்ட இவுகளையே சொல்லச் சொல்லுங்க.”

முருகப்பன் வானத்தைப் பார்த்தார். அங்கே ட்ரோன்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கர்னல் யோசனையோடு பெட்டியைக் கட்டினார். “அதுக ஜெயிக்கவே வேண்டாம், முருகப்பன். இங்கனயே இருந்தாப் போதும். நாந்தான் ஊருக்குப் போயாகணும்.”

“அப்ப நாளைக்கு?”

கர்னல் காரில் ஏறினார்.

சனிக்கிழமை கம்பெனிக்காரர் முன்கட்டில் நிம்மதியாக இட்லி சாப்பிட்டார். பின்கட்டில் முருகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழு வாழைத்தாரை மதில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். குரங்குகள் அத்தனையும் அங்கேதான். ஒப்பந்தம் கிடைத்தது. சீப்பு போய், தினமும் தார் என்றானது.

கர்னலின் விளம்பரத்தில் இப்போது அந்த ஹோட்டலின் படம் இருக்கிறது. கீழே, ‘எதிரி பின்வாங்கிய இடம்’. எதுவரை பின்வாங்கினான் என்று போடவில்லை.