ஒரு கதிரை, ஒரு சங்கிலி

1876இல், மெல்பேணின் மேற்குப் பக்கத்துச் சின்ன நகரசபை ஒன்றில் மேயர் தெரிவு நடந்தது. போட்டியிட்ட இருவருக்கும் சரிக்குச் சரி வாக்கு. ஹார்க்னஸ் என்பவர் ஓடிப்போய் மேயர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். டன்ஸ்டன் என்பவர் மேயர் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாதம் அந்த ஊருக்கு இரண்டு மேயர்.

அந்த வில்லங்கம் நூறு வருடம் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேதீஸ்வரன் தலையில் விடியும் என்று யார் கண்டது? அவன் அந்த நகரசபையில் தற்காலிக எழுதுவினைஞன். வேலை நிரந்தரமாவது செயலாளர் பார்ட்லெட் கையில் இருந்தது. அந்த இரட்டை மேயர் தகராறின் நூற்றாண்டுப் படக் கண்காட்சித் திறப்பு விழாவை அவர் இவனிடம் தள்ளிவிட்டார். ரிப்பன் வெட்ட ஹார்க்னஸின் பேத்தியும் வருகிறாராம், டன்ஸ்டனின் பேத்தியும் வருகிறாராம். இரண்டு பேரும் எழுபதைத் தொட்டவர்கள். மற்றவள் வெட்டினால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று இருவருமே கடிதம் போட்டிருந்தார்கள்.

"விழாவில் ஒரு சத்தம் கேட்டாலும் நீ வேறு வேலை தேடலாம்" என்றார் பார்ட்லெட்.

அன்று கேதீஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி யோகா குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள்.

"ஊரில உங்கட சங்க விழாவுக்கு எத்தினை பிரதம விருந்தினர்?"

"அஞ்சு பேர். ஆளையாள் முகம் பாக்காத ஆக்கள்."

"ஆர் முதல் எண்டு அடிபட்டவையே?"

"இல்லை. குத்துவிளக்கில அஞ்சு திரிதானே, ஆளுக்கொண்டு..." அவன் பாதியில் நிறுத்தினான்.

"பிறகென்ன, சாப்பிடுங்கோ. விளக்கை நான் மினுக்கித் தாறன்."

விழாவன்று வாசலில் ரிப்பன் இல்லை. யோகாவின் சீதன விளக்கு நின்றது. இரு பேத்திமாரின் கையிலும் மெழுகுதிரி. யார் முதல் என்று முறைத்துக்கொண்டார்கள்.

"எதிரெதிரே நின்று ஒன்றாக ஏற்றுவதுதான் எங்கள் முறை" என்று கேதீஸ்வரன் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

ஏற்றினார்கள். தன் சுடர்தான் உயரம் என்றார் ஹார்க்னஸின் பேத்தி. தன்னுடையதுதான் பிரகாசம் என்றார் மற்றவர். கேதீஸ்வரன் பார்ட்லெட்டைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் இருவரும் தாங்களே வென்ற திருப்தியில் சிரித்தபடி தேநீர் குடிக்கப் போனார்கள்.

பார்ட்லெட் விளக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"1881இலும் இங்கே ஒரு தகராறு. அதில் மூன்று மேயர். 1981இல் அதற்கும் விழா எடுக்க வேண்டும், நீதான் நடத்தப்போகிறாய். மூன்று பேருக்கு இந்த விளக்குப் போதுமா?"

இன்னும் ஐந்து வருடம். அப்படியென்றால் வேலை நிரந்தரம். கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலம் வரவில்லை.

"ஓம் சேர்," என்றான், "ரெண்டு திரி மிஞ்சும்."