லொடலொடா இல்லாத லேப்

எனக்கு மூக்கு மேல கோபம், அது ஊரறிஞ்ச விஷயம். ஆனா லேப்ல என்கூட வேலை பார்த்தவளை, நான் லொடலொடான்னு பேர் வெச்சவளை, துரத்தினது கோபத்துல இல்ல. நல்லா யோசிச்சுத்தான் துரத்தினேன், அதுதான் இப்போ சுடுது.

எங்க லேப்ல டிஎன்ஏ செய்யறோம். ஜீன் ஆராய்ச்சி பண்றவங்க வேணுங்கிற வரிசையை அனுப்புவாங்க, நாங்க எழுத்து எழுத்தாச் சங்கிலியாக் கோத்துக் குடுப்போம். விலையைக் கேட்டாலே சின்ன காலேஜ்காரங்க வாயடைச்சுப் போயிடுவாங்க. அதனால கெமிக்கலைப் பத்துல ஒரு பங்காக் குறைச்சு அதே சங்கிலியைச் செய்யணும்னு நானும் அவளும் ரெண்டு வருஷமா மல்லுக்கட்டினோம். கெமிக்கல் குறைஞ்சா ஒரு தொல்லை. துளி ஈரம் பட்டாலும் அடுத்த எழுத்து ஒட்டாது, சங்கிலி பாதியில நின்னுடும்.

நின்னுக்கிட்டே இருந்துச்சு. லொடலொடாவுக்கோ பாட்டில் மாத்தும்போதுகூட வாய் ஓயாது. மாமியார் குறட்டை, பஸ்ல நடந்த சண்டை, எல்லாம் பாட்டிலுக்கு நேராத்தான்.

"உன் மூச்சுல இருக்கிற ஈரம்தான்டி கெடுக்குது!"ன்னு கத்தினேன்.

"சும்மா இருங்கக்கா"ன்னு சிரிச்சா. நான் சிரிக்கல. மேனேஜர்கிட்ட சொல்லி வேற கிளைக்கு மாத்த வெச்சேன்.

அப்புறம் அறையில நானும் மெஷினும்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்தா, "என்னக்கா கொண்டாந்தீங்க?"ன்னு கேக்க நாதியில்ல. வீட்லயும் நான் ஒண்டிக்கட்டை. சில நாள் காலையில இருந்து யார்கிட்டயுமே பேசலைன்னு படுக்கும்போதுதான் தெரியும். சங்கிலி மட்டும் அப்பவும் பாதியிலதான் நின்னுச்சு.

நாலாவது மாசம் மெஷினை மொத்தமாப் பிரிச்சேன். உலர்ந்த வாயு வர்ற குழாய்ல, ரப்பர் வளையத்துல மெல்லிசா ஒரு வெடிப்பு. அது வழியாத்தான் ஈரம் போயிருக்கு. அந்த வளையத்தை மாட்டினவளே நான்தான்.

புதுசு மாட்டினேன். மறுநாள் சங்கிலி முழுசா வந்துச்சு, பத்துல ஒரு பங்கு கெமிக்கல்ல! அடடா, குதிச்சேன். சொல்லத்தான் ஆளில்ல. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"தப்பு என் மேலதான்டி. உன் மூச்சு ஒண்ணும் பண்ணல. திரும்பி வந்துடு, நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

"சந்தோஷம்க்கா"ன்னா. அவ்வளவுதான்.

"என்னடி, பேசமாட்டேங்கற?"

"இங்க வாயைத் திறக்காமத்தான் வேலை செய்யறேன்க்கா. என்னால எதுவும் கெட்டுடக் கூடாதுன்னு பயம். இப்போ வீட்லகூட பேச்சு வரமாட்டேங்குது."

"என்னைத் திட்டவாவது செய்டி"ன்னு கெஞ்சினேன்.

"வேலை இருக்குக்கா"ன்னு வெச்சுட்டா.