ஒரு தலை, இரண்டு குழு

“பக்கத்துல உட்காரலாமா அண்ணி, இல்ல கோபமா?”

“கோபம்னா பஸ்ஸுலயே தள்ளி உட்கார்ந்திருப்பேன். உட்காரு.”

சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கூட்ட அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணி வீட்டின் முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டுப் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். நாத்தனார் வேறொரு கடையில் முடியை நேராக்கிக்கொள்ளப் போய், மருந்து பட்டு உச்சந்தலை வெந்து திரும்பியவள். அந்த இடத்தில் இனி முடி முளைக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மருந்து பூசியவள் மட்டும் இன்றைக்கும் ஜோராகக் கடை நடத்துகிறாள்.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை, எழுதாத இடமில்லை. கடைசியில் யாரோ காதுகொடுத்தார்கள். கொடுத்ததன் பலனாக, கத்தரிக்கோல் பிடிக்கிற எல்லோரும் ஒரு வருஷம் பள்ளியில் படித்து உரிமம் வாங்க வேண்டும் என்ற யோசனை சட்டமன்றக் குழுக்களின் ஆய்வுக்கு வந்து நின்றது. அண்ணி பள்ளிக்குப் போனால் நாற்காலி காலி. அண்ணனுக்கு வேலை போனதிலிருந்து அந்த நாற்காலியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பிட்டியேடி.”

“நான் கேட்டது பூதமா? மருந்தைத் தொடுறவளுக்கு ஒரு பரீட்சை வைங்கன்னுதானே கேட்டேன்.”

“அதைத்தான் நானும் சொல்லப் போறேன். மருந்துக்குப் பரீட்சை வை, நானே முதல்ல எழுதறேன். வெறும் கத்தரிக்கோலுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?”

“அப்ப நாம ஒரே கட்சி.”

“கட்சி ஒண்ணுதான். ஆரம்பிச்சது நீ.”

அலுவலர் ஒருவர் வந்தார். “இதுல பாதிக்கப்பட்ட நுகர்வோர் யாரு? மாடிக்குப் போங்க. தொழில் செய்யறவங்க இந்த அறை. ரெண்டு குழுவும் ஒரே நேரத்துல கூடுது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே பேச்சை இரண்டு இடத்தில் சொன்னால் இரட்டிப்பு பலன் என்று நினைத்துப் பிரிந்தார்கள். அங்கேதான் சறுக்கினார்கள்.

மாடியில் நாத்தனாருக்குத் தண்ணீர் கொடுத்து, மைக்கைச் சரிசெய்து, பரிவோடு கேட்டார்கள். முக்காட்டை விலக்கச் சொன்னார்கள். விலக்கினாள். ஓர் உறுப்பினர் ‘த்சு’ கொட்டினார்.

“உங்களுக்கு என்ன வேணும்மா?”

“மருந்து பூசறவங்களுக்கு ஒரு பரீட்சை வைக்கணும் ஐயா. பாஸ் பண்ணினவங்கதான் மருந்தைத் தொடணும். முடி மட்டும் வெட்டறவங்களை விட்டுடணும்.”

“பரீட்சை, பாஸு எல்லாம் உரிமம் சம்பந்தப்பட்டது. அது கீழே இருக்கற குழு. நாங்க புகாரை மட்டும்தான் பார்க்க முடியும்.”

“புகார் குடுத்துதானே ஐயா இங்க வந்திருக்கேன்.”

“அதுக்குத்தான் புகார் சொல்ல ஒரு போன் நம்பர் வைக்கப் பரிந்துரை பண்றோம்.”

கீழே அண்ணிக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்கு முன்னால் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் எழுந்து, மயிரிழையின் அமைப்பிலிருந்து ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசினார். தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அண்ணியின் முறை.

“மருந்துக்கு மட்டும் பரீட்சை வைங்க ஐயா. மருந்தாலதான் எங்க நாத்தனார் தலை வெந்துச்சு.”

“காயம்பட்டது நுகர்வோர் விஷயம்மா. மாடிக்குப் போகணும்.”

“காயம் பட்டதாலதானே ஐயா உரிமம்?”

“இங்க ஒரே கேள்விதான். உரிமம் தேவையா, இல்லையா?”

“தேவைன்னு சொன்னா என் கடை மூடும். இல்லைன்னு சொன்னா அந்தப் பொம்பளை இன்னொரு தலையைச் சுடுவா.”

“அப்ப ‘கருத்து இல்லை’ன்னு போட்டுக்கறோம்.”

“இவ்வளவு கருத்து சொல்லியிருக்கேனே ஐயா!”

“அடுத்தவங்க வரலாம்.”

மேலிருந்து ஒருத்தியும் கீழிருந்து ஒருத்தியும் கிளம்பி, படிக்கட்டில் முட்டிக்கொண்டார்கள்.

“மேல போகச் சொல்லிட்டான்.”

“என்னைக் கீழ அனுப்பிட்டாங்க அண்ணி.”

“வா, ரெண்டு பேருமா கீழயே போய்க் கேட்போம்.”

கீழே கதவு திறந்துதான் இருந்தது, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு வருஷப் பள்ளி யோசனையை அப்படியே ஏற்றுச் சபைக்கு அனுப்பிவிட்டார்களாம். நாத்தனார் தலைவரின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“மேல ஒரு குழு, கீழ ஒரு குழு. என் தலை ஒண்ணுதானே ஐயா இருக்கு?”

“நியாயமான கேள்வி,” என்றார் தலைவர், மேசை மேலிருந்த கண்ணாடிக்கூட்டைத் தேடிக்கொண்டே. “சபை விசாரணைல கேளுங்க. அங்க எல்லாம் ஒரே அறைதான்.” கூடு கிடைத்தது. போய்விட்டார்.

அலுவலர் பேனாவைத் திறந்தார். “சபைல பேச இப்பவே பதிஞ்சுக்கணும். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். யார் பேரு?”

“ரெண்டு பேரும்.”

“ஒரு வீடா, ரெண்டு வீடாம்மா?”

ஒரே வீடுதான். மருத்துவச் செலவில் வாடகை கட்ட முடியாமல் போனபோது அண்ணிதான் நாத்தனாரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள்.

“இவ பேரை எழுதுங்க,” என்றாள் அண்ணி. “அடிபட்டவ இவதான்.”

“அண்ணி, நான் போய் நின்னா என்ன நடக்கும்? தலையைப் பார்ப்பாங்க, ஐயோ பாவம்பாங்க, பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கூட்டிப் போடுவாங்க. உங்க நாற்காலி போயிடும்.”

“நான் போனா? பொழப்புக்காகக் கத்தறான்னு சொல்வாங்க. அந்தக் கடைக்காரியைப் பத்தி யார் பேசறது?”

“யாரும் பேச வேணாம். விடுங்க.”

“என்னது விடறது? எத்தனை ராத்திரி தலையணையை நனைச்சே? நான் பார்க்கலையா?”

அலுவலர் வாட்ச்சைப் பார்த்தார். “குடும்பச் சண்டையை வெளிய வச்சுக்கக் கூடாதா?”

நாத்தனார் முக்காட்டை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் முழங்கையைப் பிடித்து மேசைக்கு முன்னால் தள்ளினாள்.

“இவங்க பேரை எழுதுங்க சார். முடி வெட்டறவங்க. உரிமம் வேண்டாம்னு பேசப் போறாங்க.”

“வேண்டாம்னா? மருந்துப் பரீட்சை?” என்றாள் அண்ணி.

“‘வேண்டாம்’னு மட்டும் எழுதுங்க சார். கூட எதையாவது சேர்த்தா மறுபடி மாடிக்கு அனுப்புவீங்க.”

எழுதிக்கொண்டார்.

பஸ் நிறுத்தம்வரை அண்ணி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். நாத்தனார் கம்பியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

“பையை எடுங்க அண்ணி.”

“மாட்டேன். உன்னை யாருடி விட்டுக்குடுக்கச் சொன்னா?”